மணமும் சாட்சியும்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

மனித வாழ்வில் மூன்று நிகழ்ச்சிகளைப் பெரியனவாகச் சொல்வார்கள்: பிறப்பு, மணம், இறப்பு. பிறப்பும் இறப்பும் நம்மைக் கேட்டு வருவதில்லை. மணம் ஒன்றுதான் நாம் வாய் திறந்து ‘சம்மதம்’ என்று சொல்லி ஏற்பது. அந்தச் சம்மதத்தைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கிறதா? சாதி கடந்து மணப்பவர்க்கும், திருநங்கையர்க்கும், தன்பாலீர்ப்பு உடையவர்க்கும் அந்த உரிமை உண்டா என்று கேட்டால், பெரும்பாலோர் தரும் விடை ஒன்றுதான்: “மரபு இடம் கொடுக்காது.”

வேதியியல் படிக்கும் மாணவருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு கூற்றைக் கேட்டதும் அதைச் சோதித்துப் பார் என்றுதான் நமக்குக் கற்பிக்கிறார்கள். ‘மரபு இடம் கொடுக்காது’ என்பதும் ஒரு கூற்றே. அதைச் சோதிக்க இரண்டு சட்ட மரபுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று, உலகின் மிகப் பழைய சட்ட மரபுகளுள் ஒன்றான யூதர்களுடையது. மற்றொன்று, நம் தமிழ்நாட்டினுடையது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொச்சியில் நடந்தது

யூதர் என்றதும் நாம் இஸ்ரேலையும் ஐரோப்பாவையும் எண்ணுகிறோம். ஆனால் அவர்கள் நம் அண்டை வீட்டுக்காரர்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், கி.பி. 1000 அளவில், யோசேப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் செப்பேடு வழங்கி உரிமைகள் அளித்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது.

அந்த ஆலயத்திற்குள்ளும் ஒரு சுவர் இருந்தது. ‘வெள்ளை யூதர்’ எனப்பட்டோர் ஒருபுறம். அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள் மறுபுறம். பின்னவர்க்கு ஆலயத்தில் சம இருக்கை இல்லை. இரு பிரிவாருக்கிடையே மண உறவும் இல்லை. அப்படி ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்து, சென்னையில் படித்துப் பட்டம் பெற்று, வழக்கறிஞரானவர் ஏ.பி. சேலம் (1882–1967). காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, தம் சொந்த ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆயினும் 1950-ல் அவருடைய மகன் ‘வெள்ளை’ யூதக் குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்பியபோது, கொச்சிப் பெரியவர்கள் இசையவில்லை. திருமணம் பம்பாயில் நடந்தது. தம்பதியர் ஊர் திரும்பி ஆலயத்திற்கு வந்தபோது பெண்கள் பகுதியிலிருந்து பலர் எழுந்து வெளியேறினார்கள்.

இக்கதை நமக்குப் புதிதன்று. ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் மாற்றினால் நம் வட்டாரத்துக் கதையாகிவிடும். மணமக்கள் இருவரும் யூதர். இருவருக்கும் மறைநூல் ஒன்று. அவர்கள் மணப்பதை அந்த மறைநூல் தடுக்கவில்லை. தடுத்தவர்கள் சுற்றியிருந்த மனிதர்கள். மரபின் பெயரால் சொல்லப்படும் எல்லாமே மரபில் உள்ளவை அல்ல என்பது இதனால் விளங்கும்.

யூத மணச் சட்டம் கேட்பது என்ன?

யூதர் திருமணத்தில் மணமக்கள் ஒரு பந்தலின் கீழ் நிற்பார்கள். மணமகன் மணமகளுக்கு மோதிரம் அணிவித்து, மோசேயின் சட்டப்படி அவளைத் தனக்குரியவளாக ஏற்பதாகச் சொல்வான். ‘கெதுபா’ என்னும் மண ஒப்பந்தம் படிக்கப்படும். ஏழு வாழ்த்துகள் ஓதப்படும். இறுதியில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை மிதித்து உடைப்பார்கள். எருசலேம் கோயில் அழிந்ததன் நினைவு அது.

இவ்வளவு சடங்குகளுக்கு நடுவே சட்டம் இன்றியமையாததாகக் கருதுவது எது என்று பார்த்தால் வியப்பு உண்டாகும். ‘ரபி’ என்னும் சமயகுரு முன்னின்று நடத்துவது வழக்கமே. அவர் இல்லாவிட்டாலும் மணம் செல்லும். ஆனால் தகுதியுள்ள இரண்டு சாட்சிகள் இல்லாவிட்டால் செல்லாது. அதாவது, மணமக்களின் செயலும் அதைக் கண்ட சாட்சிகளுமே மணத்தை உண்டாக்குகின்றன.

இந்தச் சட்டம் காலந்தோறும் ஒரே நிலையில் நின்றதும் இல்லை. பழைய ஏற்பாட்டில் யாக்கோபுக்கு இரண்டு மனைவியர். ஏறத்தாழ கி.பி. 1000-ல், நம் கங்கைகொண்ட சோழபுரம் எழுவதற்குச் சற்று முன்னர், ஜெர்மனி நாட்டு ரபி கெர்ஷோம் என்பார் பலதார மணத்தைத் தடை செய்தார் என்பது யூதர் வழக்கு. மறைநூலில் உள்ள ஒன்றையே சட்ட அறிஞர் ஒருவர் பெண்ணின் நலன் கருதி விலக்க முடிந்தது. ஐரோப்பிய யூதர்கள் அதை ஏற்றார்கள். இன்று அதுவே அவர்களின் மரபு.

மறைநூலும் மனித மாண்பும்

இனி, ஒருபால் திருமணம் பற்றிய விவாதத்திற்கு வருவோம். ஆணோடு ஆண் சேர்வதை லேவியராகமம் வெளிப்படையாகத் தடுக்கிறது. இதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் மனிதன் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமம் சொல்கிறது. மனித மாண்பைக் காப்பதற்காகச் சில தடைகளைத் தளர்த்தலாம் என்பதும் யூத சட்ட நூல்களில் உள்ள பழைய விதியே. ஒரே நூலகத்திலிருந்து இரு தரப்பாரும் சான்று எடுத்தார்கள். அவர்கள் அடைந்த முடிவுகள் மூன்று வகைப்பட்டன.

வைதிக யூதர்கள் ஒருபால் திருமணத்தை ஏற்கவில்லை. மறைநூலின் தடையை மாற்ற மனிதர்க்கு அதிகாரமில்லை என்பது அவர்கள் வாதம். ஆயினும் 2010-ல் வைதிக ரபிகளும் கல்வியாளர்களும் பலர் கையெழுத்திட்டு வெளியிட்ட அறிக்கையில், தன்பாலீர்ப்பு உடையவரை இழிவுபடுத்துவதும் விரட்டுவதும் கூடாது, அவர்களும் மாண்புடன் நடத்தப்பட வேண்டியவர்களே என்று சொன்னார்கள்.

சீர்திருத்த யூதர்கள் வேறு வழியில் நடந்தார்கள். அமெரிக்காவில் அவ்வமைப்பின் மகளிர் சங்கம் 1965-லேயே, தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டங்கள் நீங்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தன்பாலீர்ப்பு யூதர்கள் தமக்கென ஒரு ஜெப ஆலயத்தைத் தொடங்கினார்கள். 2000-ல் சீர்திருத்த ரபிகளின் மாநாடு, ஒருபால் இணையரின் மணச் சடங்கை நடத்த விரும்பும் ரபிக்குத் துணை நிற்பதாகத் தீர்மானித்தது. நடத்த விரும்பாத ரபியின் மனச்சான்றையும் அதே தீர்மானம் மதித்தது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நடுவழி அமைப்பினர் செய்தது என்னை மிகவும் கவர்ந்தது. அவர்களுடைய சட்டக் குழுவில் உறுப்பினர் 25 பேர். 2006 டிசம்பரில் இக்கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. பழைய தடை அப்படியே நீடிக்க வேண்டும் என்ற தீர்ப்புரைக்கு 13 வாக்கு. மனித மாண்பை முன்னிறுத்தி, பிற்கால ரபிகள் விதித்த தடைகளை நீக்கலாம் என்ற தீர்ப்புரைக்கும் 13 வாக்கு. இரண்டுமே செல்லும் என்று குழு ஏற்றது. எதைப் பின்பற்றுவது என்பதை அந்தந்தச் சபையின் ரபி முடிவு செய்யலாம் என்று விட்டது. 2012-ல் ஒருபால் இணையர்க்குரிய மணச் சடங்கு முறையையும் அக்குழு வெளியிட்டது.

ஒரு சமயத்தார் தம் மறைநூலை எரிக்காமலும், தம் பிள்ளைகளை விரட்டாமலும், ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வாதிட முடியும் என்பதற்கு இது சான்று. ‘யூதர்களின் கருத்து’ என்று ஒற்றைக் கருத்து இல்லை என்பதும் இதனால் புலனாகும். இஸ்ரேல் நாட்டிலோ நிலைமை வேறு. அங்கு திருமணம் முழுதும் சமய நீதிமன்றங்களின் கையில் இருக்கிறது. பதிவுத் திருமணமே கிடையாது. வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்த ஆணும் பெண்ணும்கூடச் சைப்ரஸ் போன்ற அயல்நாட்டுக்குச் சென்று மணந்து திரும்புகிறார்கள். அயல்நாட்டில் நடந்த ஒருபால் திருமணங்களையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2006-ல் ஆணையிட்டது.

இருவர் வரலாறு

இவ்வுரிமைக்காகப் போராடிய யூதருள் இருவரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது.

முதலாமவர் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய ஜெர்மன் சட்டத்தின் 175-ஆம் பிரிவை நீக்கக் கோரி 1897-ல் ஒரு குழுவை அமைத்தவர். 1919-ல் பெர்லின் நகரில் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1931-ல் உலகச் சுற்றுப்பயணத்தின்போது இந்தியாவுக்கும் வந்தார். 1933 மே மாதம் நாஜிகள் அந்த நிறுவனத்தைச் சூறையாடி, அதன் நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் குவித்து எரித்தார்கள். தாயகம் திரும்ப இயலாமலேயே 1935-ல் பிரான்சில் இறந்தார்.

இரண்டாமவர் அமெரிக்காவின் எடித் வின்சர் அம்மையார். அவரும், நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதக் குடும்பத்தில் பிறந்த தியா ஸ்பையரும் 1967-ல் தம்முள் மண நிச்சயம் செய்துகொண்டார்கள். மோதிரம் அணிந்தால் மாப்பிள்ளை யார் என்று அலுவலகத்தில் கேட்பார்களே என்று அஞ்சி, மோதிரத்துக்குப் பதிலாக ஓர் உடை ஊசியைத்தான் தியா பரிசளித்தார். நாற்பது ஆண்டு காத்திருந்து 2007-ல் கனடாவில் மணந்தார்கள். 2009-ல் தியா மறைந்தார். மத்திய அரசின் சட்டம் எடித்தை மனைவியாக ஏற்காததால், அவருக்கு வந்த சொத்தின் மீது 3,63,053 டாலர் வரி விழுந்தது. கணவனை இழந்த மனைவிக்கு அந்த வரி இல்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2013-ல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து, 2015-ல், அந்நாடு முழுவதும் ஒருபால் திருமணம் சட்டப்படி செல்லும் என்றாயிற்று.

தமிழ்நாட்டின் 7-ஏ பிரிவு

அமெரிக்காவில் இரு பெண்கள் ஊரறியாமல் நிச்சயம் செய்துகொண்ட அதே 1967-ஆம் ஆண்டில், சென்னைக் கோட்டையில் ஒரு சட்டம் பிறந்தது.

தந்தை பெரியார் 1925-ல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், புரோகிதரும் மந்திரமும் இல்லாத திருமணங்களை நடத்தத் தொடங்கியது. முதல் சுயமரியாதைத் திருமணம் 1928-ல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்தது. அதன்பின் ஊர்தோறும் மேடைகளில் ஆயிரக்கணக்கானோர் மணந்தார்கள். ஆனால் வழக்கமான சடங்குகள் நடைபெறாத மணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரார் வாழ்த்திய மணங்களைச் சட்டம் மணமாகவே கருதவில்லை.

அண்ணா முதலமைச்சரானதும், 1967-ல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அப்பிரிவு கேட்பது மிகக் குறைவு. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். அல்லது தாலி கட்டினால் போதும். புரோகிதர் தேவையில்லை. யூத மணச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே அன்றோ? இருவர் சம்மதம், அதைக் கண்டவர் சாட்சி. கடல் கடந்த பழஞ்சட்டமும் நம் ஊர்ப் புதுச்சட்டமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அப்பிரிவில் இன்னொரு வாசகம் உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே இம்முறையில் நடந்த மணங்களும், அவை நடந்த நாள் முதலே செல்லும் என்பது அது. என் அப்பாயிக்கு 1964-ல் செந்துறைப் பக்கம் உள்ள எங்கள் ஊரில், மாலை மாற்றித்தான் கல்யாணம் நடந்தது. பின்னாளில் நிலப் பங்குப் பேச்சு வந்தபோது, “ஐயர் இல்லாத கல்யாணம், இவ என்ன பொண்டாட்டியா?” என்று உறவுக்காரர் ஒருவர் கூட்டத்தில் கேட்டாராம். அந்தச் சொல்லை அப்பாயி அறுபது ஆண்டாக மறக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். இக்கட்டுரைக்காக 7-ஏ பிரிவைப் படித்தபோது, அதன் பொருளை அவருக்குச் சொன்னேன். “அப்ப, அன்னிலேர்ந்தே செல்லுமா?” என்று கேட்டார். “ஆமாம் அப்பாயி, மாலை மாத்துன அன்னிலேர்ந்தே” என்றேன். சட்டப் புத்தகத்தின் ஒரு வரி ஒரு பெண்ணின் தலையை நிமிர்த்தக்கூடும் என்பதை அன்று கண்டேன்.

இப்பிரிவு பழம்பொருளும் அன்று. சுயமரியாதைத் திருமணத்தைப் பலரறிய விழாவாகத்தான் நடத்த வேண்டும் என்று 2014-ல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. வீட்டாருக்கு அஞ்சி மணப்பவர் எப்படி விழா எடுக்க முடியும்? 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அக்கருத்தைத் தவறென்று நீக்கியது.

நீதிமன்றங்கள் நடந்த தூரம்

7-ஏ பிரிவும் ‘கணவன், மனைவி’ என்றே பேசுகிறது. இரு இந்துக்களுக்கு மட்டுமே உரியது. எனவே அதன் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. திறக்க முயன்ற தீர்ப்புகளை ஆண்டு வரிசையில் காண்போம்.

2014-ல் உச்சநீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் உண்டு என்றது. 2018 செப்டம்பர் 6 அன்று, 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வயது வந்தோர் தம் விருப்பத்தோடு கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று.

2018 இறுதியில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்தார்கள். திருமணத்தைப் பதிவு செய்ய அலுவலகம் மறுத்தது. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய ஆணையிட்டார். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சொல்லின் பொருள் விரிந்தது.

2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். இப்பொருளைத் தாம் முழுதும் அறியவில்லை என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் முதலில் பாடம் கேட்டுக்கொண்டார். அதன் பின்னரே தீர்ப்பு எழுதினார். தன்பாலீர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்தார். காவலர் இவர்களைத் துன்புறுத்தலாகாது என்று 2022-ல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் திருத்தமும் வந்தது. உயர்ந்த நாற்காலியில் இருப்பவர் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மாணவர்களாகிய நமக்கு நல்ல முன்மாதிரி.

2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஒருபால் திருமண வழக்கில் தீர்ப்பளித்தது. திருமணம் அடிப்படை உரிமை அன்று, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஐவரும் ஒருமித்துக் கூறினர். இணையர்க்கு வேறு வகை அங்கீகாரம் வழங்கலாமா என்பதில் மூவர் மறுத்தனர், இருவர் இசைந்தனர். திருநங்கை ஓர் ஆணையும் திருநம்பி ஒரு பெண்ணையும் இப்போதுள்ள சட்டப்படியே மணக்கலாம் என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவருடைய தோழியின் வழக்கில் விடுவித்தபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று எழுதியது. ஒருபால் திருமணம் நம் நாட்டில் இன்றும் சட்டப்படி இல்லை. ஆனால் அப்படி வாழ்வோர் குற்றவாளிகளும் அல்லர்.

கூவாகத்தில் கேட்க வேண்டிய கேள்வி

பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் உளுந்தூர்ப்பேட்டை வரும். அதற்கு அருகில்தான் கூவாகம். சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பூசாரியே கட்டுகிறார். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியை அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். நம் பக்கத்து மக்களும் திரளாகச் சென்று வணங்குகிறார்கள்.

மரபு இடம் கொடுக்காது என்போர் இதற்கு விடை கூற வேண்டும். கடவுளுக்கு ஒரு நாள் மனைவியாக இருக்க மரபு இடம் கொடுக்கிறது. அதே திருநங்கை ஒரு மனிதனோடு வாழ்நாள் முழுதும் வாழ விரும்பினால் மட்டும் மரபு குறுக்கே வருமா? குறுக்கே வருவது மரபா, நாமா? 2008-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கும் தெருக்களும் நம்முடையவையே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, மணத்தை உண்டாக்குவது இருவர் சம்மதம் என்பதை யூதரின் பழஞ்சட்டமும் நம் 7-ஏ பிரிவும் ஒப்புக்கொள்கின்றன. இரண்டு, மரபு பலமுறை மாறியிருக்கிறது. மாற்றியவர்களும் மரபுக்குள் இருந்தவர்களே. மூன்று, கருத்து வேறுபட்டாலும் மாண்பைக் காக்கலாம். ஒருபால் மணத்தை ஏற்காத வைதிக ரபிகளே, விரட்டாதே என்றார்கள். நம் பெற்றோர்க்கும் ஊர்ப் பெரியவர்க்கும் நாம் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டியது இதுவே என்று கருதுகிறேன். தன் மகனோ மகளோ வேறுபட்டவர் என்று அறியும் பெற்றோர், அந்தப் பிள்ளையைப் பூசாரியிடமோ போலி மருத்துவரிடமோ இழுத்துச் செல்லாமல் இருந்தாலே ஓர் உயிர் பிழைக்கும்.

சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம். பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மண் கடலாக இருந்தது என்று அங்கே படிக்கிறோம். கடலே இடம் மாறிய ஊரில் பிறந்த நாம், மனிதர் வகுத்த வழக்கம் மாறாது என்று சாதிக்கலாமா?

மாணவ நண்பர்களே! சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. தீர்ப்பு எழுதுவதும் நம் கையில் இல்லை. ஆனால் இவ்விரு மணச் சட்டங்களும் கேட்கும் அந்தச் சாட்சி, நாமாக இருக்க முடியும். சாதி கடந்து மணக்கும் தோழன், வீட்டாருக்கு அஞ்சி நிற்கும் தோழி, பேருந்தில் பக்கத்து இருக்கை மறுக்கப்படும் திருநங்கை ஆகியோருக்கு நாளை ஒரு சாட்சி தேவைப்படலாம். அன்று எழுந்து வெளியேறாமல் உடன் நிற்பதற்கு நாம் பெறும் கல்வி பயன்படட்டும்.